நீ முதல்ல, நீங்க முதல்ல

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை விளிம்பு தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. எள் அளவு திருகாணி, அதற்கேற்ற குட்டித் திருப்புளி. பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பாள். அப்படிப்பட்டவள் நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு பாய்ப்படகுப் பந்தயத்தில் இறங்கினாள் என்றால், அதற்கு முழுப் பொறுப்பும் அவள் நாத்தனார்தான்.

நாத்தனார் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கத்திக் கத்தியே தொண்டை பெரிதாகிவிட்டது. ஏரியில் அவளோடு பாய்ப்படகுப் பந்தயத்துக்குப் போய்க்கொண்டிருந்த தோழிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வர, இரண்டு பேர் ஓட்ட வேண்டிய படகு கரையில் சும்மா கிடந்தது.

“அண்ணி, நீங்க சும்மா உக்காந்துட்டு வாங்க. அது போதும்.”

சும்மா உட்கார்ந்துதான் போனாள். முதல் நாளே படகு கவிழ்ந்தது. மூக்கு, காது எல்லாம் தண்ணீர் புகுந்து மேலே வந்தவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அண்ணிக்கு இத்தனை பல் இருப்பதே நாத்தனாருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வாரமே சுக்கானைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

வீட்டில்தான் வம்பு. கணவர் பயணிகள் லாஞ்ச் ஓட்டுகிறவர். அதே ஏரியில் இந்தக் கரைக்கும் அக்கரைக்கும் நாள் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்குவார். பாய்ப்படகு என்றாலே அவருக்கு ஆகாது.

“ஞாயித்துக்கிழமையானா ஈ மொய்க்கிற மாதிரி வந்துடறாங்க. நேரா போறானேன்னு பாத்தா, திடீர்னு என் முன்னால வந்து திரும்பறான்.”

“எதிர்காத்துன்னா நாங்க வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும்,” என்றாள் அவள். “நீங்க கிளப்பிவிடற அலை மட்டும் என்னவாம்? அது குலுக்கற குலுக்குல பாயில இருக்கற கொஞ்சநஞ்சக் காத்தும் கொட்டிப் போயிடுது.”

“நாங்களா? எப்பலேருந்து நாங்க?”

பேச்சு முற்றி, சாப்பாட்டு மேஜையே ஏரியாகிவிட்டது. உப்பு ஜாடி லாஞ்ச், தேக்கரண்டி பாய்ப்படகு. ஜாடியை நகர்த்திக் காட்டினார் கணவர்: “நான் நிக்கற இடத்துலேருந்து பாரு. சின்னப் படகு ரொம்பக் கிட்ட வந்துட்டா என் கண்ணுக்கே தெரியாது. பஸ் மாதிரி பிரேக்கும் கிடையாது.”

அது அவளுக்குத் தெரியாது. காற்று மெலிந்த நாளில் ஒரே ஓர் அலை ஒரு படகை நட்டாற்றில் விட்டுவிடும் என்பது அவருக்கும் தெரியாது. அவள் கரண்டியைக் கழுவப் போட்டாள், அவர் ஜாடியை அதன் இடத்தில் வைத்தார். இனிமேல் அவருக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிவு செய்தாள். இனிமேல் அவளுக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும் என்று அவரும் முடிவு செய்தார். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாததுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த பந்தயத்தன்று காற்று இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. மற்ற படகுகள் நடு ஏரியில் தூங்கி வழிய, கரையோரமாகப் போன இவர்களுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு காற்று வந்து பாயை நிரப்பியது. எப்போதும் கடைசியில் வருகிறவர்கள் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டார்கள்!

“அண்ணி, மூணாவது! நாம மூணாவது!” என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் கரையில் இருந்த நாய் குரைத்தது. அவளுக்கோ கை கால் ஓடவில்லை. கன்னம் வலிக்கச் சிரிப்பு.

அப்போதுதான் எதிரே லாஞ்ச் வந்தது. நிறையப் பயணிகள். மேலே சக்கரத்தைப் பிடித்தபடி கணவர்.

தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஐயோ பாவம், பிரேக் இல்லாத மனுஷன் என்று அவள் கரைப் பக்கம் ஒதுங்கினாள். அதே நேரம் அவரும் கரைப் பக்கம் ஒதுங்கினார். சட்டென்று அவள் ஏரிப் பக்கம் திருப்பினாள். அவரும் ஏரிப் பக்கம் திருப்பினார். குறுகலான நடைபாதையில் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடியும் இந்தப் பக்கம். கடைசியில் அவர் இன்ஜினை நிறுத்தி, கையை நீட்டி “நீ போ” என்றார். அவள் நாத்தனாரிடம் பாயைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, கையை நீட்டி “நீங்க போங்க” என்றாள். இரண்டு படகும் நின்றுவிட்டன. பின்னால் வந்த படகுகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. பாய்க் கயிற்றைக் கையில் பிடித்தபடி ஏரி அதிரக் கத்தினாள்: “யாராவது ஒருத்தர் மரியாதை இல்லாம போய்த் தொலைங்களேன்!”

லாஞ்சே சிரித்தது. பயணிகளில் ஒருவர், “ஏம்மா, எனக்கு அக்கரையில வேலை இருக்கு!” என்று குரல் கொடுத்தார். கணவர் ஒலிபெருக்கியை எடுத்தார்.

“நீ நேரா போ! வளைக்காதே! நீ எங்க போறேன்னு தெரிஞ்சாதானே நான் விலக முடியும்? நான் உனக்குப் பின்னால போய்க்கறேன்!”

அவள் சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் போனாள். லாஞ்ச் மெதுவாக, பூனை போல, அவள் படகுக்குப் பின்பக்கமாக விலகிப் போனது. பயணிகள் எல்லாம் ஒரு பக்கமாக வந்து கை தட்டியதில் லாஞ்ச் சாய, “உக்காருங்க, உக்காருங்க!” என்று அவர் அதட்டியதும் ஒலிபெருக்கியில் கேட்டது.

முடிவில் கடைசிக்கு முந்தின இடம். அதையும் ஒரு வங்கி மேலாளர் விடவில்லை. கடைசியில் வந்தவர் அவர்தான். பந்தயத்தில் வெளி ஆள் உதவி கூடாது, ஒலிபெருக்கியில் வழி சொன்னது உதவிதான் என்று புகார் கொடுத்தார். நடுவர் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“உதவியா? மோதிடக் கூடாதேன்னு சொன்னேன் சார்,” என்றார் கணவர். “அதுவும் இல்லாம, நான் சொல்லி இவ கேட்டது இதுதான் முதல் தடவை. அதைப் போய்க் குத்தம்னு எழுதிடாதீங்க.”

நடுவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு, புகாரைத் தள்ளுபடி செய்தார்.

அடுத்த விடுமுறை நாளில், கேட்காமலே கணவரும் படகுத் துறைக்கு வந்து நின்றார். “சும்மா உக்காந்துட்டு வரேன்” என்றார். நடுவில் உட்கார வைத்தார்கள். நல்ல காற்று. படகு சாய்ந்து பறக்க, மனிதர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “இன்ஜின் சத்தமே இல்லையே... சத்தமே இல்லையே...” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு விரைவுப் படகு, உரசுகிற மாதிரி சீறிக்கொண்டு போனது. அலை வந்து மூன்று பேரையும் நனைத்தது. கணவர் துள்ளி எழுந்தார்.

“டேய்! கண்ணு தெரியல? பாய்ப்படகு வருது, வேகத்தைக் குறைக்கத் தெரியாதா உனக்கு?”

எழுந்து நிற்கக் கூடிய படகா அது? முஷ்டியை உயர்த்தியபடியே தண்ணீருக்குள் போனார்.

அவரைத் தூக்க அவள் படகைத் திருப்பினாள். சிரித்த சிரிப்பில் ஒரு கை தூரத்தில் தவறவிட்டுத் தாண்டிப் போய்விட்டாள்.

“ஏய்! நான் இங்க இருக்கேன்!”

“அப்படியே இருங்க! வளைச்சுட்டு வரேன்!”

இரண்டாவது சுற்றில் நாத்தனார் அண்ணனின் உயிர்க்கவசத்தைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். அவர் இருமினார், தலையைச் சிலுப்பினார், முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார்.

“அந்தக் கயித்தைக் குடு,” என்றார் தங்கையிடம். “எதை எந்தக் கையால இழுக்கணும்?”