விசாரணையில் இருந்த கணக்கு

ஆசிரியரின் வகுப்பைப் பார்வையிட வரும் ஆய்வாளர் பாடவேளை முழுவதும் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டும். குறிப்பு எழுதுவதற்கு முன்பு, அன்றைக்கே, அந்த ஆசிரியரோடு பேச வேண்டும். எது நன்றாக இருந்தது, எது மாற வேண்டும் என்பதை அந்தக் குறிப்பு தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் அறக்கட்டளைப் பள்ளிகளின் விதித்தொகுப்பில் இது பதினான்காவது விதி. புரியாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அதனாலேயே அதை யாரும் படித்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அறக்கட்டளைத் தலைமை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். பள்ளிகளிலிருந்து வரும் பார்வைக் குறிப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். அவற்றில் மூன்றே வகைதான் உண்டு: நன்று, மிக நன்று, மேம்பாடு தேவை. எதில் மேம்பாடு என்று கேட்டு ஓர் ஆசிரியரும் எழுதியதில்லை. கேட்டவர் எங்கள் மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சர்தான்.

டீச்சருக்கு நாற்பது நெருங்குகிறது. தேவதானத்துக்காரர். மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல வருடம் டியூஷன் எடுத்துவிட்டு, தாமதமாகப் பட்டம் முடித்து, எங்கள் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடத் தகுதிகாண் பருவம் அந்தக் கல்வியாண்டோடு முடிய வேண்டும். முடிந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நீட்டிப்பார்கள், அல்லது நன்றி சொல்லி அனுப்புவார்கள். நன்றி சொல்லி அனுப்புவதற்கும் ஒரு விதி இருக்கிறது. அதை மட்டும் எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் டீச்சர் படியிறங்கி வந்தார்.

"அக்கா, எனக்குக் கணக்கு தெரியாதாம்."

"யார் சொன்னது?"

"ஆய்வாளர் எழுதிட்டுப் போயிட்டாக. பாட அறிவில் மேம்பாடு தேவைன்னு."

நடந்தது இது. எங்கள் பள்ளிகளில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு 'விசிட் பாடம்' உண்டு. ஆய்வாளர் வரும் நாளில் நடத்துவதற்கென்று மெருகேற்றி வைத்த பாடம். அதற்கான சார்ட் பீரோ மேல் சுருண்டு கிடக்கும். பிள்ளைகளுக்கும் விடை மனப்பாடம். சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் பல வருடமாக ஒரே எரிமலையைத்தான் வெடிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். டீச்சருக்கும் தெர்மாகோலில் வெட்டிய வடிவங்களைக் கொடுத்து, "இதக் காட்டுங்க, போதும்" என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார். டீச்சர் அன்றைய பாடத்தையே நடத்தினார். பின்னங்களைக் கூட்டுவது.

அவர் நடத்தும் முறை வேறு. பிள்ளைகள் சொல்லும் தப்பான விடையை உடனே திருத்த மாட்டார். அதைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, எங்கே தப்பு என்று வகுப்பையே தேடவிடுவார். அன்றைக்கு அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார். பிள்ளைகள் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்றார்கள். டீச்சர் அதை அப்படியே பெரிதாக எழுதினார். அந்த நேரத்தில்தான் ஆய்வாளர் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். வகுப்பில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்ததையும் பார்த்தார். அன்றைக்கு இன்னும் மூன்று பள்ளிக்குப் போக வேண்டும். வாசலில் ஜீப் காத்திருந்தது. போய்விட்டார்.

"அவிய படி இறங்கியிருக்க மாட்டாகக்கா, ஒரு பிள்ள எந்திரிச்சு கேட்டா. அரையோட இன்னும் கொஞ்சத்தக் கூட்டுனா அரையவிடக் கம்மியாவா டீச்சர் வரும்னு. இத ஒரு நிமிசம் நின்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம். பதினான்காவது விதிப்படி கேட்டே ஆகணும்."

மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். குறிப்பை நீக்கச் சொல்லவில்லை. விதிப்படி முழுப் பாடவேளையும் பார்த்து, எதில் மேம்பாடு தேவை என்று சொல்லும்படி மட்டும் கேட்டோம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது வேறொரு விதி. ஒரு மாதம் ஆனது. ஆண்டுத் தேர்வு வந்தது. கோடை விடுமுறை வந்தது. தகுதிகாண் பருவத்தை 'மேல் உத்தரவு வரும்வரை' நீட்டித்து ஒரு காகிதம் மட்டும் தவறாமல் வந்தது. ஓய்வறையில் சக ஆசிரியர்கள் ஆறுதல் சொன்னார்கள். "அந்த தெர்மாகோல எடுத்துக் காட்டியிருந்தா அம்புட்டுதான டீச்சர்! நாங்கல்லாம் கணக்குத் தெரிஞ்சா நிரந்தரம் ஆனோம்?"

ஜூனில் பள்ளி திறந்ததும் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். என் பழைய நாற்காலியில் இப்போது இருப்பவர், எனக்குக் கீழே உதவியாளராக இருந்தவர். நல்ல மனிதர். எதையும் தொலைக்க மாட்டார், எதையும் நகர்த்தவும் மாட்டார்.

"வாங்க மேடம்! எம்புட்டு நாளாச்சு! செத்த நேரம் உக்காருங்க, டீ சொல்றேன்."

"டீ இருக்கட்டும். அந்த மனு என்ன ஆச்சு?"

"அதெல்லாம் முறையாப் போயிருக்கு மேடம். சம்பந்தப்பட்ட அலுவலர்கிட்ட விளக்கம் கேட்டோம். விளக்கமும் வந்திருச்சு."

"சம்பந்தப்பட்ட அலுவலர் யாரு?"

"ஆய்வாளர்தான்."

"அவர் என்ன எழுதியிருக்கார்?"

"ஆய்வாளர் எழுதிய குறிப்பு சரியானதுன்னு எழுதியிருக்காரு."

டீ வந்தது. குடித்தேன்.

"குறிப்பை ஆசிரியர் மறுத்தால் இரண்டாவது முறை பார்வையிடணும். பதினைந்தாவது விதி," என்றேன்.

"அப்படி ஒண்ணு இருக்கா மேடம்?"

"இருக்கு. அந்தப் பக்கத்தை டைப் அடிச்சதே நான்தான்."

அவர் பீரோவைத் திறந்து விதித்தொகுப்பை எடுத்தார். உண்மையிலேயே இருந்தது. முகத்தில் கொஞ்சம் வருத்தம். தேதி குறிப்பதாகச் சொன்னார்.

அதற்குள் டீச்சருக்கு வேறு யோசனை வந்தது. "அக்கா, அவிய வர்றதுக்குள்ள நீங்க ஒருக்க வந்து பாருங்களேன். யாராச்சும் ஒருத்தர் முழுசா பாத்தா போதும் எனக்கு."

எனக்குக் கணக்கு தெரியும். கற்பிக்கத் தெரியாது. இத்தனை வருடம் வகுப்புகளைப் பற்றிய காகிதங்களைப் பார்த்தேனே தவிர, வகுப்பைப் பார்த்ததில்லை. அதையே சொன்னேன். "அப்ப நல்லதாப் போச்சு," என்றார். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டேன். "எதுக்கு மேடம் வீணா அலைச்சல்? தெர்மாகோல் வேணும்னா எடுத்து வைக்கச் சொல்லவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள். மணியடித்ததிலிருந்து மணியடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே மலைக்காற்று அடித்தது. தப்புக் கணக்கு பலகையில் ஏறியது. முன் வரிசைப் பிள்ளைகள் பாய்ந்தார்கள், சண்டை போட்டார்கள், ஒருத்தி ஓடிப்போய்ப் பலகையில் வட்டம் வரைந்து பங்கு போட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என்றாலும் நான் உட்கார்ந்திருந்தது பின்னால். அங்கிருந்து வேறொன்றும் தெரிந்தது.

சாயங்காலம் நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் டீச்சர் கேட்டார்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னா அதுவும் 'மேம்பாடு தேவை' மாதிரிதான், எதையும் சொல்லாது. நான் பார்த்ததைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"ஜன்னலோரக் கடைசி பெஞ்ச்ல மூணு பேர், நீங்க அந்தத் தப்பைப் பலகைல எழுதினதும் நோட்ல எழுதினாங்க. ஸ்கேல் வச்சு ரெண்டு கோடு போட்டாங்க. நோட்டை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் முன்னால நடந்த சண்டை அவங்களுக்கு வேற வீட்டுச் சண்டை."

டீச்சர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பையா எழுதிட்டுப் போனாக?"

"அழகான கையெழுத்துல."

"அப்ப ஆய்வாளர் சொன்னது சரிதானாக்கா?"

"அவர் சொன்னது உங்களுக்குக் கணக்கு தெரியலைன்னு. நான் சொல்றது, பலகைல இருக்கிறது தப்புன்னு அந்த மூணு பேருக்கும் தெரியலைன்னு. ரெண்டும் வேற."

"அவிய சொன்னதே தேவல," என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து அந்த மூணு நோட்டையும் வாங்கிப் பாத்தேன்," என்றார். "பழைய நோட்டையும் கொண்டாரச் சொன்னேன், போன வருசத்துத் தப்புக்கூட அதுல பத்திரமா இருக்குக்கா."

அதற்குப் பிறகு அவர் செய்தது அவருடைய சொந்த யோசனைதான். என் அலுவலகப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்த கோளாறாகவும் இருக்கலாம். பலகையின் இடது ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார். தப்பான விடை அந்தப் பக்கம்தான் ஏறும். மேலே 'விசாரணையில் உள்ளது' என்று தலைப்பு. விசாரணை முடியும்வரை யாரும் நோட்டைத் திறக்கக் கூடாது. முதல் சாட்சி எப்போதும் கடைசி பெஞ்ச். பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. விளையாட்டு மைதானத்தில் அவுட்டா இல்லையா என்பதுகூட விசாரணையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஆடி பிறந்ததும் ஆய்வாளர் வந்தார். இந்த முறை ஜீப்பை அனுப்பிவிட்டு, கடைசி பெஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கும் ஒரு தப்பு ஏறியது. அவர் எழுந்திருக்கவில்லை. டீச்சர் அன்று மாலை சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்: பக்கத்திலிருந்த மாணவனிடம் குனிந்து, "ஏலே, அது தப்புல்ல?" என்று ரகசியமாகக் கேட்டிருக்கிறார். "விசாரணை நடக்கு சார், பேசக் கூடாது," என்று அவன் சொல்லியிருக்கிறான்.

மணியடித்த பிறகு, குறிப்பு எழுதுவதற்கு முன்பு, ஓய்வறையில் டீச்சரோடு பேசினார்.

"போன தடவ நான் பாதியில போயிட்டேன் டீச்சர். அது என் தப்பு."

"சரி சார்."

"ஒண்ணு சொல்லவா? பின்னால இருக்கவன் மெதுவா சொல்றத நீங்க சத்தமா திருப்பிச் சொல்லிடுறீக. அதனால மத்த பிள்ளைக அவன் மூஞ்சியப் பாக்கவே இல்ல, உங்களத்தான் பாக்குதுக. அவனையே எந்திரிச்சு சத்தமா சொல்லச் சொல்லுங்க."

அன்று மாலை இதை என்னிடம் சொல்லும்போது டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். மாடிக்கு ஓடிப்போகும் முகமாக இல்லை.

"நான் கவனிச்சதே இல்லக்கா. அவிய சொன்ன பொறவுதான் தெரியுது. நாளைக்கே செஞ்சு பாக்கணும்."

"வேலை என்ன ஆகும்னு கேட்டீங்களா?"

"அய்யோ, மறந்துட்டேன்."

மறக்காமல் நான் தினமும் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தால், கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். பிறகு ஊரே திருவிழாவில் இருக்கிறது, தேர் முடியட்டும் மேடம் என்றார்கள். கடைசியில் வந்த காகிதத்தில் இரண்டு வாக்கியம். முந்தைய குறிப்பு நீக்கப்படுகிறது. ஆசிரியரின் தகுதிகாண் பருவம் உரிய நாளிலேயே நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. டீச்சர் அதை வாசலில் நின்றே படித்தார், மடித்துக் கைப்பைக்குள் வைத்தார், முதல் மணிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். காகிதத்தில் இருந்த தேதி, ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள்.