குவைத்துக்குப் போய்வந்த பத்துமலை

மலேசியாவில் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்தவன் பத்துமலை. தோட்டம் துண்டு துண்டாக விலைபோனதும் ஈப்போவுக்கு வந்து லாரியில் எடுபிடி வேலை பார்த்தான். எழுபத்தாறாம் வருஷம் குவைத்துக்குப் போய் எண்ணெய்க் குழாய் பதித்தான். போனதில் தப்பில்லை. போகிற அன்று அக்காளிடம் சொல்லிக்கொள்ள தஞ்சோங் ரம்புத்தான் பஸ் ஏறினானே, அதுதான் தப்பு. அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் ஈப்போக்காரர்களுக்கு மனநல ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். பஸ்ஸில் பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். அப்புறம் ஆளையே காணோம் என்றதும் மீதிக் கதையை ஊரே கட்டிக்கொண்டது.

எழுபத்தொன்பதில் லீவில் வந்தவன், ஆசைப்பட்ட பாப்பாவைப் பெண் கேட்டுப் போனான். அவள் அப்பா பிச்சைமுத்து தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஆள் விரட்டியவர். இப்போது தொழிற்சாலை வாசலில் ஜாகா, காவல் வேலை.

"தம்பி, இத்தனை வருஷமா எங்க இருந்தீங்க?" மரியாதையாகத்தான் கேட்டார். பாப்பாவின் அம்மா கருப்பம்மாள் மட்டும் அரிவாள்மணையை எடுத்து உள்ளே வைத்தாள்.

"குவைத்துல, மாமா."

பாஸ்போர்ட்டை நீட்டினான். முத்திரையிலிருந்த அரபு எழுத்தைப் பிச்சைமுத்து தலைகீழாகவும் பார்த்தார். "யாருலா இப்படிக் கிறுக்கினது?"

உண்மையைத் தவிர வேறு பேசுவதில்லை என்று பத்துமலை சத்தியம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். அதுவே வினையாயிற்று.

"அங்க ஆறே கிடையாது, மாமா. கடல் தண்ணியக் காய்ச்சி, ஆவியப் பிடிச்சுத்தான் குடிக்கிறாங்க."

"ஓ."

"பெட்ரோல விடத் தண்ணி விலை கூட."

கருப்பம்மாள் மகளை உள்ளே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

"சொந்த ஊர்க்காரங்க கம்மி, வெளியாளுங்கதான் ஜாஸ்தி. யாருக்கும் வரி இல்ல. ஆஸ்பத்திரி சும்மா."

பிச்சைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆஸ்பத்திரியில நல்லாப் பாத்துக்கிட்டாங்களா, தம்பி?"

கதவோரம் பாப்பாவின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்த பதற்றத்தில், யாரிடமும் சொல்லாத கதை ஒன்று பத்துமலையின் வாயிலிருந்து கொட்டிவிட்டது.

"அங்க மழையே அபூர்வம், மாமா. ஒரு நாள் விடியக்காலையில சோன்னு ஊத்துச்சு. கூட இருந்தவனுங்க வெளிய ஓடிக் கூத்தாடிட்டு, அப்படியே வேலைக்குக் கிளம்பிட்டானுங்க. நான் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். சூப்பர்வைசர் வந்து ஏன்னு கேட்டாரு. மழை பெய்யுதேன்னேன். பிடிச்சு டாக்டர்கிட்ட அனுப்பிட்டாரு!"

சொல்லி முடித்த பிறகுதான் எந்த வார்த்தையில் கொண்டுபோய் முடித்தோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிச்சைமுத்து எழுந்தார். மீசை துடித்தது.

"மழை பெஞ்சா எவன்லா எழும்புவான்? மரப்பட்டை நனைஞ்சா பால்வெட்டு ஏது? பேர் கூப்பிடற பெரட்டே கிடையாதே! இதுகூடத் தெரியாம அவன் என்ன மண்டோரு?"

"அதத்தான் மாமா நானும் நெனச்சேன்!"

"ஏங்க, அந்தப் பாலைவனத்துல ஏது பால்மரம்?" என்றாள் கருப்பம்மாள்.

"நீ சும்மா இரு. இந்தப் புத்தி பைத்தியக்காரனுக்கு வராது, பால்வெட்டுக் குடும்பத்துல பொறந்தவனுக்குத்தான் வரும். குவைத்து இருக்கோ இல்லையோ, பையன் நம்ம தோட்டத்துக்காரன். மாப்பிள்ளைக்குச் சோத்தப் போடு."

கருப்பம்மாள் யோசித்துக்கொண்டே நின்றாள். இலை போட்டது பாப்பாதான்.