பிறந்த தேதி வேண்டாம் என்றேன்

"புள்ளைக்குப் பேச்சு வரலியாமே? ஒரு வார்த்த சொல்லல நீ!"

வானகரத்திலிருந்து என் கணவரின் அக்கா போனில் கேட்டபோது, நான் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். மகளுக்கு இரண்டரை வயது. மூன்று சொற்கள்தான் பேசுவாள். கொரட்டூரில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் அவளைப் பரிசோதித்திருந்தார்கள். அவர்களுக்கு முந்தின நாள்தான் என் பயங்களையெல்லாம் மெயிலில் கொட்டியிருந்தேன், கர்ப்பத்தில் சாப்பிட்ட காய்ச்சல் மாத்திரை உட்பட.

"உங்களுக்கு யார் அண்ணி சொன்னது?"

"யார் சொல்லணும்? என் போன்லயே வந்துச்சே. மாத்திர துன்னதுலாம் எழுதிகீற. எங்க ஊட்ல எல்லாப் புள்ளையும் ஒரு வயசுலயே கடகடன்னு பேசும்மா."

நான் கவனமில்லாதவள் இல்லை. பிரவுசரில் தடம் பதியாத இன்காக்னிட்டோவில்தான் எழுதினேன். கறுப்புத் திரை, தொப்பியும் கண்ணாடியும் போட்ட படம். அதை நம்பினேன். எழுதி முடித்து ஹிஸ்டரியை இரண்டு முறை பார்த்தேன், ஒன்றுமில்லை.

அது அழித்தது என் போனில் இருந்த தடத்தை மட்டும். கடிதம் மெயில் பெட்டியில் அப்படியே கிடந்தது. வீட்டுக்கு ஒரே மெயில் ஐடி போதும் என்று கணவர் வைத்த பெட்டி அது. அண்ணி புதுப் போன் வாங்கியபோது அவர் அதிலும் அதையே போட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

கேட்டதற்கு, "அக்காதானே படிச்சாங்க, வெளியாளா?" என்றார் கணவர்.

"போன மாசம் கம்பெனியில மயக்கம் போட்டு விழுந்தீங்களே. அக்காவுக்குச் சொல்லாதன்னீங்க. அப்ப மட்டும் அவங்க வெளியாளா?"

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அது இன்னும் எரிச்சலூட்டியது.

அன்றே எனக்கென்று தனி ஐடி தொடங்கி, மகளின் பரிசோதனை அறிக்கையை அதற்கு அனுப்பச் சொல்லி மையத்துக்குப் போன் செய்தேன்.

"பூட்டித்தான் அனுப்புவோம் மேடம். பாஸ்வேர்டு இல்லாம யாராலயும் படிக்க முடியாது. பாப்பாவோட பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு."

பிரசவ அறை வாசலில் நின்று பிறந்த நேரம் குறித்தவரே அண்ணிதான்.

"வேற வைங்க."

"எல்லாருக்கும் இதான் மேடம், சிஸ்டம்ல..."

"சிஸ்டத்த மாத்துங்க! சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச தேதிய வெச்சுப் பூட்டுறதுக்குப் பேர் பூட்டா?"

திட்டிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்கிற ஆள் நான். அன்று கேட்கவில்லை.

"சரி மேடம், என்ன வேணும்னு மெயில் பண்ணுங்க."

"பூட்டுற மெயிலுக்கு மெயில்லயே சாவியா? நேர்ல வர்றேன்."

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொரட்டூர் போய், புதுப் பாஸ்வேர்டைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டி, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அறிக்கை வந்ததும் கணவருக்கு என் போனிலேயே திறந்து காட்டினேன். படித்து முடித்துவிட்டு, "பாஸ்வேர்டு எனக்காவது சொல்லேன்," என்றார்.

அவர் என் மகளின் அப்பா. சொல்லாதது தப்போ என்று தினமும் தோன்றுகிறது. அண்ணியின் போனில் அந்த மெயில் ஐடி இன்றுவரை இருக்கிறது. அதைக் கணவர் அங்கிருந்து எடுக்கும்வரை நான் பாஸ்வேர்டைச் சொல்லப்போவதில்லை.