முகக்கவசம் சிவந்த நாள்

கொரோனாக் காலத்தில் ஒரு பெரும்போக அறுவடை நேரம். பரந்தனுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் எனக்கு வேலை. வயதைப் பார்த்து அங்கே எல்லோரும் என்னை அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முற்றத்தில் காயும் நெல்லைக் காலால் துழாவுவது, மாடு வந்தால் கலைப்பது. அதற்கு முன் லொறியில் மூட்டை ஏற்றினேன், அதற்கும் முன்... அதைச் சொல்ல வெளிக்கிட்டால் விடிந்துவிடும்.

சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள் வந்து எங்களைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்து விளக்கினார். முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது, ஒரே செம்பில் எல்லோரும் தண்ணீர் குடிக்கக் கூடாது, ஒரே தட்டத்தில் வெற்றிலை எடுக்கக் கூடாது. ஒருவருக்குத் தொற்று வந்தாலும் ஆலையைப் பூட்ட வேண்டிவரும் என்றார். முற்றம் நிறைய அவித்த நெல். பூட்டினால் அவ்வளவும் புளித்துப் போகும், எங்களுக்கும் வேலை இல்லை.

பயத்தில் சொன்னபடி நடந்தோம். தட்டத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு கடதாசிச் சரை வெற்றிலை மடியில் கட்டிக்கொண்டோம். எனக்கோ வாய் சும்மா இருக்காது. கவசத்துக்குள்ளேயே குதப்பிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கிழமை பரிசோதகர் திரும்பவும் வந்தார். அந்த நேரம் பார்த்து உமித்தூசு ஏறி எனக்கு இருமல். முகத்தில் துணி இருப்பதை மறந்து துப்பிவிட்டேன். வெள்ளைக் கவசம் முழுக்கச் சிவப்பு.

"ஐயோ, அப்பு ரத்தம் கக்குறார்" என்று நெல் காயவைக்கும் தங்கச்சி ஒருத்தி கத்தினாள். எல்லோரும் பின்வாங்கி, ஆளுக்காள் இடைவெளி விட்டு நின்றார்கள். முதலாளி தலையில் கைவைத்து மூட்டையில் குந்திவிட்டார். பரிசோதகர் அம்புலன்சுக்குச் சொல்லப் போனை எடுத்தார். மிச்சச் சாறு வாய்க்குள் நிற்க, என்னால் பேச முடியவில்லை. கையை ஆட்டினேன். அது மூச்சுத் திணறுகிற மாதிரித் தெரிந்ததாம்.

ஒருவழியாக வேலி ஓரம் போய்த் துப்பிவிட்டு, "வெத்திலை தம்பி, வெத்திலை" என்றேன்.

பரிசோதகர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைப் பையில் போட்டார்.

"ஐயா, மாஸ்க் போடச் சொன்னனான். அதைத் துப்புற படிக்கமாக்கச் சொல்லேல்லை."

முற்றமே சிரித்தது. மூட்டையில் இருந்த முதலாளிதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். அப்பு எங்களைக் கொரோனா வருத்தத்தால் இல்லை, பயத்தாலேயே மேலே அனுப்பப் பார்த்தார் என்று அந்தத் தங்கச்சி அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதோடு நான் வெற்றிலை போடுவது வேலை முடிந்த பிறகுதான் என்று ஆனது. அந்தப் போகம் முடியும்வரை எங்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை, ஆலையும் பூட்டவில்லை.

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். ஆனால் அவ்வளவு பயத்திலும் ஒருவரும் கேற்றைத் தாண்டி ஓடவில்லை. பரிசோதகர் காட்டித் தந்த தூரத்திலேயே நின்று, எனக்கு என்ன ஆகுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தள்ளி நின்றது, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது மாதிரித்தான் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.