கொலு மலையின் பச்சைக் கல்

சேலத்தில் நிலவியல் படித்த கண்மணிக்கு லிவர்மோரில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. வீடுகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் வரும் தூளை நுண்ணோக்கியில் பார்த்து, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். கணவர் வேலை மாறி டெக்சஸுக்குப் போனார். இவள் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அவளை ஞாபகம் வைத்துச் சாப்பிட அழைக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான், சான் ரமோனில் ஸ்வர்ணாவின் வீடு.

அந்த நவராத்திரிக்கு ஸ்வர்ணா கொலுப்படிக்குப் பக்கத்தில் மலை கட்டியிருந்தாள். தெர்மோகோல் இல்லை, அசல் கல். குன்றில் நடக்கும் பாதை ஓரம் பொறுக்கி வந்து கராஜில் சுத்தியலால் உடைத்தது. பச்சை நிறம், பாம்புத் தோல் போல வரி, சோப்புக் கட்டியின் வழவழப்பு. கல்நார் கலந்திருக்கக்கூடிய செர்பென்டைன் என்று கண்மணிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஸ்வர்ணாவின் பிள்ளைகள் அதன்மேல் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

செர்பென்டைன் எல்லாமே ஆபத்தில்லை. நாராகப் பிரிகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கல்லின் விளிம்பில் வெள்ளை நார் தொங்கியது. கண்மணி பிள்ளைகளைக் கை கழுவ அனுப்பிவிட்டு, ஈரக் காகிதத்தில் ஒரு துணுக்கை ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அதை எண்ணெய்த் துளியில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். கல் துகள்களுக்கு நடுவே, மயிரைவிட மெல்லிய இழைகள், தட்டைத் திருப்பத் திருப்ப நீலமாகவும் ஊதாவாகவும் மாறின. கல்நார்தான். பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போனை எடுத்து ஸ்வர்ணாவிடம் சொன்னாள்.

"சுண்டல் சாப்பிட வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போனியா?" என்றாள் ஸ்வர்ணா.

"பசங்கள அந்த ரூமுக்குள்ள விடாத. பெருக்காத, வேக்யூம் பண்ணாத, தூள் பறக்கும்."

"வச்ச கொலுவ நடுவுல கலைக்கக் கூடாது, கண்மணி. மாமியார் தினம் வீடியோ கால்ல பாக்கறாங்க. என் கொலுல விஷம்னு ஊர் பூரா பேசணுமா?"

"படியத் தொடமாட்டேன். மலைய மட்டும் எடுக்கறேன்."

"உன்னக் கூப்பிட்டதுக்கு நல்லா செஞ்சே."

கண்மணி முகமூடி, கையுறை, தண்ணீர்த் தெளிப்பானோடு போனாள். ஸ்வர்ணா பிள்ளைகளோடு வெளியே காரில் உட்கார்ந்துகொண்டாள். பொம்மைகள் பார்த்திருக்க, கண்மணி கல் கல்லாக நனைத்து இரட்டைப் பையில் கட்டினாள். அறையையும் கராஜையும் ஈரத்துணியால் துடைத்தாள்.

"முடிஞ்சுதா?" கார்க் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"முடிஞ்சுது. ஷூவெல்லாம் வெளியவே கழுவிடு."

"சரி." கண்ணாடி ஏறியது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போ என்று ஸ்வர்ணா சொல்லவில்லை.

அதன்பின் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. பிள்ளைகள் சௌக்கியம் என்பதைக் கோவிலில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தபோது கண்மணி தெரிந்துகொண்டாள்.