தேர்ச்சிக்குப் போதுமான அறிவியல்

பத்தாம் வகுப்பில் என்னை அறிவியல் வராத பிள்ளை ஆக்கியது அம்மை. காலாண்டில் அறிவியல்தான் கடைசிப் பரீட்சை. அதற்கு முதல் நாள் உடம்பெல்லாம் முத்து முத்தாகப் போட்டுவிட்டது. வேப்பிலை மேல் படுக்க வைத்துவிட்டார்கள். கீரமங்கலத்தில் எங்கள் தெருவில் அம்மை போட்ட பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோகிற வழக்கம் இல்லை, அதனால் மெடிக்கல் சர்டிபிகேட்டும் இல்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு பள்ளிக்கூடம் போனால், நான் ‘மெல்லக் கற்போர்’ ஆகியிருந்தேன். ஆப்சென்ட் என்றால் ஃபெயில், ஃபெயில் என்றால் அந்த வகுப்பு.

அறிவியல் சார் அந்த வருஷம்தான் கறம்பக்குடிப் பக்கமிருந்து மாறுதலில் வந்தவர். என்னை அவருக்குத் தெரியாது. அம்மை என்று சொல்லிப் பார்த்தேன். முகத்தில் தழும்பு கூட இன்னும் மறையவில்லை. எல்லாரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தான் செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, கையில் மெல்லிசாக ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தைக் கொடுத்தார்.

எனக்குப் பதினொன்றில் உயிரியல் குரூப் வேண்டும். ஏழாவது படிக்கும்போதே முடிவு செய்தது. அறிவியலில் நல்ல மார்க் இல்லாமல் போய் நின்றால், இடமில்லை என்று வேறு குரூப்பைக் காட்டுவார்கள். எனக்குக் கொடுத்த புத்தகமோ பாஸ் மார்க்குக்கு மட்டும் அளந்து வைத்தது. ஒரு மார்க் கேள்விகள், கொஞ்சம் படங்கள், நாலைந்து சின்ன விடைகள். கணக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஓம் விதியை மனப்பாடம் செய்ய வேண்டும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது எங்களுக்குத் தேவையில்லை. நியூரான் படத்தை வரைந்து வரைந்து கையே வலித்தது. இந்த நீளமான வால் எதற்கு சார் என்று ஒருநாள் கேட்டேன். பாகம் குறித்தால் போதும், அதற்குத்தான் மார்க் என்றார். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அந்தப் பொரியையும் எண்ணித்தான் போட்டார்கள்.

அறிவியல் பீரியடில் மற்ற பிள்ளைகள் வகுப்புக்குள் இருப்பார்கள், நாங்கள் வெளியே வராண்டாவில். அவர்களுக்கு சார் போர்டில் கணக்கு போடுவார், நாங்கள் ஒரு மார்க் கேள்விகளைக் கத்திப் படிக்க வேண்டும். சத்தம் குறைந்தால் ஜன்னல் வழியாக அதட்டல் வரும். நான் ஜன்னலை ஒட்டி இடம் பிடித்துக்கொண்டேன். வாய் ‘மின்னோட்டத்தின் அலகு ஆம்பியர்’ என்று கத்தும், காது உள்ளே இருக்கும். போர்டு பாதிதான் தெரியும். தெரியாத பாதியை வீட்டில் பாடப் புத்தகத்தை வைத்து நானே போட்டுப் பார்ப்பேன். எத்தனையோ நாள் எரிச்சலில் அழுதிருக்கிறேன். இரண்டடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற பாடத்தை நான் திருடிப் படிக்க வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு இது எதுவும் புரியவில்லை. விடியும் முன்னே மல்லிகை பறிக்கப் போய், பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு வருகிறவள். சார் சாயங்காலமும் தனியாக உட்கார வைத்துப் படிக்க வைக்கிறார், தன் கைக்காசில் சுண்டல் வாங்கித் தருகிறார் என்பதுதான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

“காசு வாங்காம சொல்லிக் குடுக்குறாரு. அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிற.”

சுண்டல் உண்மைதான். சார் கெட்டவர் இல்லை. அதனாலேயே அவரைத் திட்டவும் முடியாமல் எனக்குள்ளேயே புழுங்கினேன்.

திருப்புதல் தேர்வில் ஒரு கணக்கு வந்தது. நான்கு ஓம், பன்னிரண்டு ஓம், இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில், மொத்தம் எவ்வளவு? போட்டேன். மூன்று ஓம். விடைத்தாள் திரும்பி வந்தபோது அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம், மார்க் இல்லை. சார் என்னைக் கூப்பிட்டார்.

“யாரப் பாத்து எழுதுன?”

“யாரையும் பாக்கல சார். நானாத்தான் போட்டேன்.”

“ஒங்க மெட்டீரியல்ல இந்தக் கணக்கே இல்லையேம்மா. அப்புறம் எப்படி வரும்?”

அவர்கள் கொடுக்காதது எனக்கு வரக்கூடாது, வந்தால் அது காப்பி. வேறு கணக்கு கொடுங்கள், இங்கேயே போடுகிறேன் என்றேன். கொடுத்தார். போர்டில் போட்டேன். மொத்தம் ஏன் இரண்டையும்விடக் குறைகிறது என்று கேட்டார். எங்கள் கொல்லையில் போர்வெல் தண்ணீரை ஒரு வாய்க்காலில் விடுவதைவிட இரண்டு வாய்க்காலில் திறந்துவிட்டால் தடையில்லாமல் ஓடும், அதுபோலத்தான் என்றேன். சார் பேனாவை எடுத்து விடைத்தாளில் முழு மார்க் போட்டார்.

இனிமேல் உள்ளே உட்காரலாமா என்று கேட்டேன்.

“நீ பாஸ் ஆயிருவ, அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுனாலதான் சொல்றேன், அங்கிட்டே இரு. இந்தக் கூட்டத்துல இத்தன பேரு பாஸ்னு நான் மீட்டிங்ல கணக்குக் காட்டணும்மா.”

வராண்டாவுக்கே திரும்பிப் போனேன். கடைசி வரைக்கும் ஜன்னலோரம்தான். பொதுத் தேர்வில் வந்த கணக்குகள் இரண்டையும் போட்டேன், நியூரான் படம் கேட்கவே இல்லை. ரிசல்ட் வந்தது. கேட்ட குரூப் கிடைத்தது.

ஜூனில் புதிய பத்தாம் வகுப்புப் பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். என் தங்கை அந்த வருஷம் பத்தாவது, அம்மா அவளோடு வந்திருந்தாள். சார் என்னையும் வரச்சொல்லி முன்னால் நிறுத்தினார். மெல்லக் கற்போர் வகுப்பில் இருந்த பிள்ளை எடுத்த மார்க்கைப் பாருங்கள் என்று சொல்லி, அந்த ஜெராக்ஸ் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதில் நான் போட்ட கணக்கு எதுவுமே இல்லை சார் என்றேன். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அம்மா தங்கையைக் கையோடு இழுத்துக்கொண்டு சாரிடம் போனாள். கும்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

“இவளுக்கு அறிவியல் நல்லாத்தான் வருது சார். இருந்தாலும் இவளையும் அந்த வகுப்புலயே சேத்துவிட்ருங்க.”

தங்கை என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், சார் சிரித்துக்கொண்டே அவளிடம் பெயர் கேட்டார்.