எங்கள் காரில் கூடவே வந்தது

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் போகும், மூளை பின்னால் வரும். என் தங்கச்சியைக் கேட்டால் தெரியும். யோங் பெங் பெட்ரோல் ஸ்டேஷனில் அன்றைக்கு நான் திட்டிய திட்டு எல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்புதான். அப்போது ஒரு சிரிப்பும் வரவில்லை.

தங்கச்சி புருஷனை விட்டுவிட்டு வந்து, ஜோகூரில் கூலாய் டவுனில் என் வீட்டில் இருந்தாள். அவன் கை நீட்டியது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கொடுமை, அவளை ஒரு நிமிஷம் தனியாக விடமாட்டான். அவர்கள் வீடு இருந்த சிகாமட்டில் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய் ஒரு கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், உடனே போன் வரும். "அந்தத் துணிக்கடையில என்ன இவ்வளவு நேரம்?" என்பான். ஆள் பக்கத்தில் இருக்கமாட்டான். அவள் ஹேண்ட்போனிலேயே ஏதோ போட்டு வைத்திருந்தான். கையில் கட்டியிருந்த வாட்ச்சும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான். பிறந்தநாளுக்கு இவ்வளவு விலையில் வாங்கித் தந்திருக்கிறானே என்று அப்போது நானே அவனை மெச்சினேன், என்னத்தைச் சொல்ல!

கிளம்பி வந்த அன்று போனையும் வாட்ச்சையும் அந்த வீட்டு சமையல்கட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். நான் புது போன், புது நம்பர் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. நான் செனாய் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். லைனில் வருகிற ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு நம்பர் இருக்கும். அதை ஸ்கேன் பண்ணி அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவேன், அவ்வளவுதான். அந்த நம்பர் வெளியே போய் யார் வீட்டில் உட்கார்ந்து யாரைப் பற்றி யாரிடம் சொல்லும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தங்கச்சி வந்தபிறகு வீட்டில் பிளக்கில் சொருகியிருக்கிற எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். டிவியை முறைத்துப் பார்ப்பேன். "ரைஸ் குக்கரையும் வெளியே தூக்கிப் போட்டுடு, பச்சை அரிசியா சாப்பிடலாம்" என்று தங்கச்சியே கிண்டல் பண்ணினாள்.

சொந்தக்காரர்களிடம், அவள் சிங்கப்பூரில் வேலை கிடைத்து அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்று சொல்லிவைத்தோம். ஜோகூரில் இந்தப் பொய்யை யாரும் நோண்டமாட்டார்கள். வீட்டுக்கு ஒருத்தராவது பாலம் தாண்டிப் போகிறவர்தானே. அவள் கூலாயில் இருப்பது மட்டும் அவன் காதுக்குப் போகக்கூடாது. போனால் மறுநாளே வாசலில் வந்து நிற்பான்.

அப்போதுதான் லாபிஸில் எங்கள் பெரியம்மா மருமகளுக்கு வளைகாப்பு வந்தது. வேண்டாம் என்றேன். "எத்தனை நாளைக்கு அக்கா அடைஞ்சு கிடக்கிறது? நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

வளைகாப்பு நன்றாகத்தான் நடந்தது. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் வரிசையாக. கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு தங்கச்சி கலகலவென்றுதான் இருந்தாள். பிறகு பார்த்தால் அவள் புருஷனின் சித்தி வந்து நிற்கிறார். யார் கூப்பிட்டார்களோ தெரியாது. அந்த அம்மா எங்கள் கைப்பைகள் வைத்திருந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கிளம்பும்போது வாசல் வரை வந்து, தாம்பூலப் பையைத் தங்கச்சி கையில் திணித்து, "நல்லா இரும்மா" என்றார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. பெரியம்மா வழக்கம்போல மிச்ச சாதத்தையெல்லாம் டப்பாவில் போட்டு காரின் பின்பக்க பூட்டில் ஏற்றிவிட்டார்கள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

மழை விட்டு வெயில் அடித்தது. இரண்டு பக்கமும் செம்பனை, ரோடெல்லாம் ஈரம். யோங் பெங் நெருங்கும்போது என் போன் சிணுங்கியது. தங்கச்சி எடுத்துப் பார்த்தாள்.

"என்னடி?"

"அக்கா, ஓரமா நிறுத்து."

பெட்ரோல் ஸ்டேஷனில் திருப்பி நிறுத்தினேன். போனை வாங்கிப் பார்த்தேன். உங்களுடையது அல்லாத ஒரு டிராக்கர் உங்களோடு நகர்ந்து வருகிறது, அதன் சொந்தக்காரர் நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்க்க முடியும் என்று போட்டிருந்தது. கீழே ஒரு மேப். லாபிஸிலிருந்து நாங்கள் வந்த ரோடு முழுக்கச் சிவப்புப் புள்ளி. ஹைவேயில் ஏறினால் அடுத்தது வீடுதான். நானே அவனுக்கு வழிகாட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கிவிடப் பார்த்திருக்கிறேன்!

"அந்தச் சித்திதான்! பக்கத்துலயே உக்காந்துச்சே அந்தப் பொம்பளை! நல்லா இரும்மாவாம், நல்லா!" என்று கத்தினேன். எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார்.

தாம்பூலப் பையைப் பிடுங்கினேன். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி. தேங்காயைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். தேங்காயில் எப்படி வைப்பார்கள் என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் எனக்கு எல்லாமே நடக்கும் போலத்தான் இருந்தது. பையோடு குப்பைத் தொட்டியை நோக்கி நடந்தேன்.

"மஞ்சள் குங்குமம் இருக்கு அக்கா, குப்பையில போடாத. அவங்க வீட்டு மேல கோவம்னா அவங்களோட வச்சுக்கோ."

"உன்னை அடிச்சவன் வீட்டுக் குங்குமம் உனக்கெதுக்குடி?"

"அது பெரியம்மா வீட்டுத் தாம்பூலம். அந்தம்மா எடுத்துக் குடுத்தாங்க, அவ்வளவுதான்."

நான் கேட்கவில்லை. போட்டுவிட்டேன். வந்து போனைப் பார்த்தால் அந்த எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. கைப்பைகளைக் கொட்டினேன். சீட்டுக்கடியில் கைவிட்டுத் துழாவினேன். மட்கார்டுக்குள் கை விட்டதில் சேலை முந்தானை முழுக்கச் சேறு. அலமாக், வளைகாப்புக்குக் கட்டிய பட்டுச்சேலை! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காரை இங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

தங்கச்சி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. "நான் எங்க போனாலும் கண்டுபிடிச்சிடுவேன்னு சொன்னான் அக்கா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அந்த நிமிஷம் அவனைக் கொன்று போடலாம் என்று இருந்தது.

பிறகு என் போனை அவள் எடுத்து நிதானமாக மேலும் கீழும் தள்ளிப் படித்தாள். மேப்பைப் பார்த்ததும் குதித்த நான் அதற்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று படிக்கவே இல்லை. "சத்தம் போடச் சொல்லலாமாம். இங்க ஒரு பட்டன் இருக்கு" என்றாள்.

"அமுக்கு."

எங்கேயோ கீச் கீச்சென்று சின்னதாகச் சத்தம். பின்பக்க பூட்டைத் திறந்தேன். சாத டப்பாக்களிலிருந்து வந்தது. புளிச்சாதம் கத்தியது, சத்தியமாகச் சொல்கிறேன், புளிச்சாதம்தான் கத்தியது! டப்பாவைத் தூக்கித் திருப்பினால் அடியில் கறுப்பு டேப் போட்டு வட்டமாக ஒன்று ஒட்டியிருந்தது.

உடனே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியம்மா, புளிச்சாத டப்பாவுக்கு அடியில என்ன?"

"ஓ, அதுவா? என் பையன் சிங்கப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்தான், சாவியில மாட்டிக்கோன்னு. சாவி எங்க போகப்போவுது? என் டப்பாதான் போவுது. தீபாவளிக்கு முறுக்கு போட்டுக் குடுத்ததுல ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சா? கேட்டா, எங்க வீட்டுல இல்லையேங்கிறாங்க. இனிமே யாரும் பொய் சொல்ல முடியாதுல்ல!"

"உங்க டப்பாவுக்குத் தீ வைக்க! இங்க ரெண்டு பேருக்கும் உயிர் போயி வந்துச்சு!"

"ஏன், சாதம் கெட்டுப்போச்சா?"

அந்த பூட் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்கமுடியாத சிரிப்பு. தங்கச்சியும் இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. எண்ணெய் போடுகிற ஆள், இந்த இரண்டு பொம்பளைக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார். அப்பாடா என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை அன்றைக்குத்தான் நான் முழுசாகச் சொன்னேன்.

சிரித்து முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. டப்பா கூலாய்க்கு வந்தால் பெரியம்மா போனில் தெரியுமே. நாளைக்குத் தங்கச்சி ஒரு வேலைக்கு என்று அந்த டப்பாவில் எங்கே சோறு கட்டிப்போனாலும் தெரியுமே. மறுபடி போனை எடுத்து, இது யார் யார் போனில் தெரியும் என்று கேட்டேன்.

"என் போன்ல மட்டும்தான்." பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "அவ உன் வீட்டுலதான் இருக்கான்னு எனக்குத் தெரியும்டி. உனக்கு போன் போட்டா பின்னால அவ தும்முறது கேக்குது. சிங்கப்பூர்ல இருந்தா தும்முறா? நான் யார்கிட்டயும் மூச்சு விடல. அந்தச் சித்திகூட இன்னைக்கு அழுதுட்டுத்தான் போனாங்க, எங்க பையன் இப்படிப் பண்ணிட்டானேன்னு. அவங்களும் சொல்லமாட்டாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போய்க் குப்பைத் தொட்டியில் கைவிட்டு அந்தத் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை, மேலாகவே கிடந்தது.

பெரியம்மா சொல்லமாட்டார்கள் என்றாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. எவன் கண்ணும் என் தங்கச்சிமேல் இனி வேண்டாம். டேப்பைப் பிய்த்து, அந்த வட்டத்தை எடுத்து, பேட்டரியைக் கழற்ற நகத்தைக் கொடுத்தேன்.

"கழட்டாத அக்கா."

"பைத்தியமாடி உனக்கு? இவ்வளவு நேரம் எதுக்குச் செத்துப் பிழைச்சோம்?"

அவள் அதை என் கையிலிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இருந்தப்ப நான் எங்க போறேன், எங்க நிக்கிறேன்னு எல்லாம் அவனுக்குத் தெரியும். நம்ம ஆளுங்க ஒருத்தருக்கும் தெரியாது. அவன் என்னை ரூமுக்குள்ள பூட்டி வச்சிருந்தப்ப, நான் எங்கன்னு தேட ஒரு ஆள் இல்ல அக்கா. இது இருக்கட்டும். பெரியம்மா பாத்துக்கட்டும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. வாய் முதலில் போகிற எனக்கு! அதை டப்பாவின் அடியில் வைத்து, டேப்பைப் பழையபடி ஒட்டி, ஓரமெல்லாம் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். டோல் தாண்டி ஹைவேயில் ஏறும்போதே தூங்கிவிட்டாள். கூலாய் வந்து நான் எழுப்புகிறவரைக்கும் அப்படியே தூங்கினாள்.